இசைத் தொலைக்காட்சியும் எழுத்தறியாத் தமிழும்: மும்பை, தாணே தமிழரை முன்வைத்து

முன்னுரை

தமிழ் ஊடக வரலாற்றை எழுதியோர் இதழ்கள், வானொலி, திரைப்படம் ஆகியவற்றுக்கு அளித்த இடத்தை, நாள் முழுவதும் பாடல்களையே ஒளிபரப்பும் இசைத் தொலைக்காட்சிக்கு அளித்ததில்லை. அது திரைப்பாடலின் துணைவிளைவாகவும் இளையோரின் பொழுதுபோக்காகவும் மட்டுமே கருதப்பட்டமை இதற்குக் காரணம் எனலாம். ஆயினும் தமிழ்நாட்டுக்கு வெளியே, தமிழ் எழுத்தைக் கற்கும் வாய்ப்புக் குறைந்த சூழலில் வளர்ந்த தலைமுறைக்கு இவ்வலைவரிசைகள் ஆற்றிய பணி வேறுவகையானது. தமிழ் இசைத் தொலைக்காட்சியின் வரலாற்றை மும்பை, தாணே பகுதித் தமிழரின் நிலையிலிருந்து இக்கட்டுரை நோக்குகிறது. இவ்வரலாறு இசையின் வரலாறாக மட்டுமன்றி மொழிப்புழக்கத்தின் வரலாறாகவும் அமைகிறது என்பதும், அதற்குரிய சான்றுகள் மிக விரைவாக மறைந்துவருகின்றன என்பதும் இதன் மையக் கருத்துகளாகும்.

இசை அலைவரிசையும் மொழியும்: உலகச் சூழல்

1981 ஆகஸ்டு 1 அன்று அமெரிக்காவில் எம்டிவி தொடங்கியது. 1987 ஆகஸ்டு 1 அன்று அதன் ஐரோப்பியப் பிரிவு தொடக்கம் பெற்றது. இசைக்கு மொழி எல்லை இல்லை என்னும் நம்பிக்கையில், ஐரோப்பா முழுமைக்கும் ஆங்கிலத்திலேயே ஒரே அலைவரிசையாக அது வழங்கப்பட்டது. இந்நம்பிக்கை நீடிக்கவில்லை. 1995ஆம் ஆண்டு நெதர்லாந்தில் ‘தி மியூசிக் ஃபேக்டரி’ (டி.எம்.எஃப்.) என்னும் இசை அலைவரிசை தோன்றியது. பாடல்களில் பெரும்பகுதி ஆங்கிலமாக இருந்தபோதும், பாடல்களுக்கிடையே தொகுப்பாளர்கள் டச்சு மொழியில் பேசினர். 1998இல் பெல்ஜியத்தின் டச்சு பேசும் பகுதியான ஃபிளாண்டர்சிலும் அது கால்கொண்டது. 2000இல் எம்டிவியே நெதர்லாந்துக்கெனத் தனி அலைவரிசையைத் தொடங்க நேர்ந்தது. பின்னர் டி.எம்.எஃப். எம்டிவியின் தாய்நிறுவனத்திடம் சென்று, நெதர்லாந்தில் 2011இலும் ஃபிளாண்டர்சில் 2015இலும் ஒளிபரப்பை நிறுத்தியது. இசை அலைவரிசையைப் பார்ப்போர் பாடலை மட்டும் நாடுவதில்லை, பாடலைத் தம் மொழியில் அறிமுகப்படுத்தும் குரலையும் நாடுகின்றனர் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

இந்தியாவிலும் இதே போக்கைக் காணலாம். 1991இல் ஸ்டார் தொலைக்காட்சி வழியாக எம்டிவி ஆசியாவுக்கு வந்தது. 1994இல் ஸ்டார் நிறுவனம் அதனைவிட்டுப் பிரிந்து ‘சேனல் வி’யைத் தொடங்கியது. 1996இல் எம்டிவி இந்தியாவுக்கெனத் தனி அலைவரிசையாக மீண்டும் வந்தது. தொடக்கத்தில் ஆங்கிலச் சார்புடன் விளங்கிய இவ்விரண்டும் சில ஆண்டுகளிலேயே இந்தித் திரைப்பாடலுக்கும் இந்தி கலந்த பேச்சுக்கும் இடமளித்தன. இரண்டுக்கும் இந்தியத் தலைமையிடம் மும்பையே. ஆனால் அந்நகரில் பல தலைமுறைகளாக வாழும் தமிழரின் மொழிக்கு அவற்றில் குறிப்பிடத்தக்க இடம் கிடைக்கவில்லை. ‘காதலன்’ (1994) இந்தியில் மொழிமாற்றம் பெற்றபோது அதன் பாடல்கள் வடபுலத்திலும் பரவின. எனினும் தாராவியில் வளர்ந்த தமிழ்ச் சிறுவன் தனக்குரிய மெட்டைத் தன் நகரின் அலைவரிசைகளில் பெரும்பாலும் இந்திச் சொற்களில்தான் கேட்க முடிந்தது.

செயற்கைக்கோளுக்கு முந்தைய நிலை

மும்பைத் தமிழர் ஒருபடித்தானவர் அல்லர். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அலுவலகப் பணிகளை நாடி வந்தோர் மிகுதியாகக் குடியேறினர். தாராவியில் திருநெல்வேலி வட்டாரத்திலிருந்து வந்த உழைக்கும் மக்கள் தோல் பதனிடுதல் முதலிய தொழில்களை நம்பி வாழ்ந்தனர். இடநெருக்கடியாலும் வாடகை உயர்வாலும் அடுத்தடுத்த தலைமுறையினர் மத்திய இரயில் பாதையையொட்டி முலுண்டு, தாணே, டோம்பிவிலி, கல்யாண் எனப் பரவினர்.

இசைநுகர்விலும் இவ்வேறுபாடு புலப்பட்டது. 1952இல் தோன்றிய சண்முகானந்தா சபையும் செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியும் கருநாடக இசையை வளர்த்தன. திரைப்பாடலை விரும்பியோருக்கு மாட்டுங்காவின் அரோரா திரையரங்கும் ஒலிநாடாக் கடைகளும் துணைநின்றன.

தொலைக்காட்சியைப் பொறுத்தவரை நிலைமை கடினமாகவே இருந்தது. மும்பைத் தூர்தர்ஷன் நிலையம் 1972 அக்டோபர் 2 அன்றும் சென்னை நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்றும் தொடங்கப்பட்டன. சென்னை நிலையத்தின் ‘ஒலியும் ஒளியும்’ தமிழ்நாட்டில் வெள்ளிக்கிழமை மாலையின் அடையாளமாகவே விளங்கியது. தரைவழி ஒளிபரப்பின் எல்லை குறுகியது ஆதலால் மும்பைத் தமிழர் அதனைக் காண இயலவில்லை. அவர்களுக்குக் கிடைத்தவை ‘சாயாகீத்’, ‘சித்ரஹார்’ முதலிய இந்திப் பாடல் நிகழ்ச்சிகளே. பல மொழிப் பாடல்களையும் வழங்கிய ‘சித்ரமாலா’வில் இடம்பெறும் ஓரிரு தமிழ்ப் பாடல்களுக்காகக் காத்திருப்பதே வழியாயிற்று. பொது ஒளிபரப்பில் தம்மொழி விருந்தினராகவே வந்துசென்றது என்னும் உணர்வு இக்காலத் தலைமுறைக்குரியது.

தமிழ் அலைவரிசைகளின் தோற்றம்

1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கியது. இதன் வழியே சென்னையில் ஒளிபரப்பாகும் தமிழ்ப் பாடல் அதே பொழுதில் தாணேயிலும் கேட்கும் நிலை உருவாயிற்று. இலங்கை வானொலி மரபில் வந்த பி. எச். அப்துல் ஹமீது நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’, ஏ. வி. ரமணன் நடத்திய ‘சப்தஸ்வரங்கள்’, உமா தொகுத்தளித்த ‘பெப்சி உங்கள் சாய்ஸ்’ ஆகியவை இசைத் தொலைக்காட்சியின் முன்னோடி வடிவங்கள் எனத்தகும். முதலிரண்டும் நேயரைப் பாட வைத்தன. மூன்றாவது நேயரைப் பேச வைத்தது. தொலைபேசியில் தம் பெயரையும் ஊரையும் கூறிப் பாடலைக் கேட்டுப்பெறும் இம்முறை, பின்னாளில் தோன்றிய இசை அலைவரிசைகளின் அடிப்படையாயிற்று.

2001இல் சென்னையிலிருந்து எஸ்.எஸ். மியூசிக் தொடங்கப்பட்டது. இது தென்னிந்திய மொழிகள் பலவற்றின் பாடல்களை ஒருசேர வழங்கியது. தொகுப்பாளர்களின் பேச்சில் ஆங்கிலமே மேலோங்கியது. இவ்வலைவரிசை நடத்திய குரல்தேர்வுப் போட்டி வழியே உருவான ‘எஸ் ஃபைவ்’ குழுவில் பென்னி தயாள் முதலியோர் அறிமுகமாயினர். 2004இல் தோன்றிய சன் மியூசிக் முழுமையும் தமிழ்ப் பாடல்களுக்கென அமைந்தது. 2008இல் கலைஞர் குழுமத்தின் இசையருவியும், தொடர்ந்து பிறவும் வந்தன. ஐரோப்பாவில் ஆங்கிலத்திலிருந்து டச்சுக்கும் மும்பையில் ஆங்கிலத்திலிருந்து இந்திக்கும் நிகழ்ந்த நகர்வு, சென்னையில் ஆங்கிலத் தொகுப்புரையிலிருந்து தமிழ்த் தொகுப்புரைக்கு நிகழ்ந்தது. இவை வெவ்வேறு நிலங்களில் நிகழ்ந்தவையாயினும் ஒரே போக்கின் வெளிப்பாடுகளாம்.

கேபிள் இணைப்பும் குடியிருப்பின் மொழியும்

ஓர் அலைவரிசை வானில் இருப்பதும் வீட்டில் தெரிவதும் ஒன்றல்ல. பழைய ஒப்புமை முறைக் கேபிளில் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான அலைவரிசைகளையே அனுப்ப இயலும். எவற்றை அனுப்புவது என்பதை அப்பகுதிக் கேபிள்காரரே பெரிதும் முடிவு செய்தார். தமிழ்க் குடும்பங்கள் நெருங்கி வாழும் தாராவி போன்ற இடங்களில் தமிழ் அலைவரிசை இல்லாமல் தொழில் நடத்த இயலாது. பல மொழியினர் கலந்து வாழும் புதிய அடுக்ககங்களில் தமிழ்க் குடும்பங்கள் சிலவே இருக்கும். அங்குப் பொழுதுபோக்கு அலைவரிசை ஒன்று கிடைப்பதே அரிது. இசைக்கென இரண்டாவது தமிழ் அலைவரிசையைக் கோருவது மேலும் அரிது. ஆகவே தாராவியிலிருந்து தாணேக்குக் குடிபெயர்தல் என்பது தமிழ்க் காதொலியின் எல்லையைவிட்டு விலகுதலாகவும் அமைந்தது.

இந்நிலையை இலக்கமுறை மாற்றியது. முதலில் நேரடியாக வீட்டுக்கு வரும் செயற்கைக்கோள் இணைப்பு கேபிள்காரரின் முடிவைச் சாராத வழியொன்றைத் திறந்தது. பின்னர் 2012 அக்டோபர் இறுதியில் மும்பை மாநகரிலும், 2013 மார்ச்சு இறுதியைக் காலக்கெடுவாகக் கொண்ட இரண்டாம் கட்டத்தில் தாணே, கல்யாண்-டோம்பிவிலி உள்ளிட்ட நகரங்களிலும் இலக்கமுறைக் கேபிள் கட்டாயமாக்கப்பட்டது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய கட்டண ஒழுங்கு, விரும்பிய கட்டண அலைவரிசைகளைத் தேர்ந்து பணம் செலுத்தும் முறையைக் கொணர்ந்தது. இதனால் தமிழ் கிடைக்கும் வாய்ப்புப் பெருகியது. அதேவேளையில் தமிழுக்கெனத் தனியே பணம் செலுத்த வேண்டுமா என்னும் வினா ஒவ்வொரு குடும்பத்திலும் எழுந்தது. மூத்தோர் தொடர்களுக்காக ஓர் அலைவரிசையைத் தக்கவைத்தபோது, இளையோர்க்குரிய இசை அலைவரிசை எளிதில் கைவிடத்தக்கதாயிற்று.

திரையில் ஓடிய உரோமன் தமிழ்

இசை அலைவரிசைகளின் மொழியைத் தமிழறிஞர் பலரும் கண்டித்துள்ளனர். ஆங்கிலக் கலப்பு, லகர ழகர ளகர வேறுபாடின்மை, செயற்கையான ஏற்ற இறக்கம் ஆகியவை அக்கண்டனத்தின் பொருள்கள். இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் நற்றமிழ் கேட்கும் வேறு வாய்ப்புகள் பல இருந்தமையால் அக்கண்டனம் பொருத்தமானதே. ஆனால் அதே அளவுகோலை மும்பைக்குப் பொருத்துதல் தகுமா என்பது சிந்திக்கத்தக்கது.

மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளையும் நடத்திவந்துள்ளது. எனினும் மேல்வகுப்புகளுக்கும் வேலைக்கும் ஆங்கிலமும் இந்தியும் மராத்தியும் தேவைப்பட்டன. ஆதலால் தமிழைப் பேசவும் கேட்டுணரவும் வல்ல, ஆனால் படிக்கவியலாத இளைய தலைமுறை ஒன்று உருவாயிற்று. இத்தலைமுறைக்கு நாளிதழும் நூலும் எட்டாதவை. 2000-களில் இசை அலைவரிசைகளின் திரையடியில் நேயர்களின் குறுஞ்செய்திகள் ஓடின. அக்காலக் கைப்பேசிகளில் தமிழ் எழுத்துவசதி அரிதாதலின் அவை உரோமன் எழுத்தில் அமைந்த தமிழாக இருந்தன. வாழ்த்து, காதற்குறிப்பு, நண்பர்க்கான பாடல் விருப்பம் ஆகியவையே அவற்றின் உள்ளடக்கம்.

அச்செய்திகளுக்கு இலக்கியத் தகுதி கற்பிக்க வேண்டியதில்லை. எனினும் தமிழ் எழுத்தறியாத மும்பை இளைஞர் பொதுவெளியில் படிக்கத்தக்க தமிழாக நாள்தோறும் திரையில் ஓடியவை அவையே. எழுத்தைப் புறக்கணிக்கும் வழக்கம் என ஒருபுறம் அதனைக் கருதலாம். எழுத்து வாயில் அடைபட்டோர் மொழிக்குள் நுழைந்த பக்கவாயில் எனவும் கருதலாம். இவ்விரண்டில் முன்னதை மட்டுமே கூறும் ஆய்வு தமிழ்நாட்டின் அனுபவத்தைத் தமிழுலகின் அனுபவமாகக் கொள்ளும் பிழைக்கு ஆளாகிறது.

தொலைபேசி அழைப்புகளையும் இங்குக் கருத வேண்டும். வெளிமாநிலத்திலிருந்து அழைப்போர் உயர்ந்த கட்டணம் செலுத்தியே சென்னையுடன் பேச இயலும். சில மணித்துளிப் பேச்சில் ஊர்ப்பெயரைக் கூறுவதே முதன்மையான செயல். தாராவியையோ தாணேயையோ ஊர்ப்பெயராகக் கூறுவது, தமிழ் வழங்கும் இடங்களின் பட்டியலில் அவ்வூரையும் சேர்ப்பதாகும்.

பிந்தைய நிலை

2011 நவம்பரில் ‘3’ திரைப்படத்தின் ‘ஒய் திஸ் கொலைவெறி டி’ பாடல் யூடியூபில் வெளியாகி உலகெங்கும் பரவியது. அலைவரிசையின் துணையின்றியே பாடல் பரவக்கூடும் என்பதை அது மெய்ப்பித்தது. 2016இல் ஜியோவின் வருகையால் கைப்பேசி இணையம் மலிவாகியது. தொகுப்பாளரையும் பிறர் விருப்பத்தையும் பொறுத்திராமல் வேண்டிய பாடலை வேண்டிய பொழுதில் கேட்கும் நிலை வந்தது. சேனல் வி 2018இல் இந்தியாவில் ஒளிபரப்பை முடித்துக்கொண்டது. தமிழ் இசை அலைவரிசைகள் தொடர்ந்தாலும் முன்னைய இடம் அவற்றுக்கு இல்லை.

அதே 2018இல் தாராவியைக் களமாகக் கொண்ட ‘காலா’ வெளிவந்தது. சந்தோஷ் நாராயணன் இசையமைத்த அதன் பாடல்களில் தாராவியைச் சார்ந்த ‘டோப்அடெலிக்ஸ்’ சொல்லிசைக் குழுவினர் பங்கேற்றனர். தமிழ், இந்தி, மராத்தி, ஆங்கிலம் ஆகியவற்றைக் கலந்து பாடுவோர் அவர்கள். ஒருகாலத்தில் சென்னையிலிருந்து வரும் பாடலுக்குக் காத்திருந்த பகுதி, சென்னையின் பாடலுக்குக் குரல் வழங்கும் பகுதியாயிற்று. செவிவழித் தமிழ் பயனற்றுப் போகவில்லை என்பதற்கு இஃது ஒரு சான்று.

சான்றுகளின் நிலை

ஒளிபரப்பான நிகழ்ச்சிகளின் பதிவுகளை அலைவரிசைகள் 90 நாள்கள் பாதுகாக்க வேண்டும் என்பதே அரசின் வழிகாட்டு நெறி. அதன்பின் அவற்றைக் காக்கும் கடப்பாடு இல்லை. பாடற்காட்சிகள் திரைப்படத்தின் பகுதியாக எஞ்சும். தொகுப்பாளரின் பேச்சும், அழைத்தவரின் குரலும், திரையடியில் ஓடிய உரோமன் தமிழும் அவ்வாறு எஞ்சுவதில்லை. கல்வெட்டும் ஓலையும் காத்த தமிழ்ச் சமூகம், மிக அண்மைக்காலப் பொதுமொழியின் பதிவை இழந்துவருகிறது. அழைத்தவர்களும் பார்த்தவர்களும் இன்று நடுவயதினர். அவர்களின் நினைவுகளையும், வீடுகளில் எஞ்சியுள்ள ஒளிநாடாப் பதிவுகளையும் தொகுத்தல் உடனடித் தேவையாகும்.

முடிவுரை

இசைத் தொலைக்காட்சி எந்நிலத்திலும் பார்ப்போரின் மொழியை நோக்கியே நகர்ந்தது என்பதை டச்சு, இந்தி, தமிழ் அலைவரிசைகளின் வரலாறு காட்டுகிறது. மும்பை, தாணே தமிழருக்குத் தமிழ் இசை அலைவரிசைகள் பொழுதுபோக்காக மட்டுமின்றி, எழுத்தின்றியும் மொழியோடு உறவுகொள்ளும் களமாகவும் அமைந்தன. அவ்வுறவின் தரத்தை மதிப்பிடுவதற்கு முன் அதன் சான்றுகளைத் திரட்டுதல் வேண்டும். தமிழ்நாட்டுக்கு வெளியேயுள்ள தமிழ்த்துறைகளும் தமிழ் அமைப்புகளும் இப்பணியை மேற்கொள்ளின், தமிழ்மொழி வரலாற்றின் விடுபட்ட பகுதியொன்று நிறைவுபெறும்.