சாரலில் வளர்ந்த கல்விச்சாலை

தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடையே ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தொலைவுதான். ஆயினும் அச்சிறு தொலைவைக் கடந்து கல்லூரிப் படியேறும் வாய்ப்பு, இவ்வட்டாரத்துப் பெண்களுக்கு 1964-ஆம் ஆண்டில்தான் கிட்டியது. அவ்வாண்டில் குற்றாலத்தில் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி தொடங்கப்பெற்றது. குற்றாலம் என்றவுடன் பேரருவியும் ஐந்தருவியும் நம் கண்முன் நிற்கின்றன. அருவியில் நீராடித் திரும்புவோரில் பலர் அவ்வூரில் ஒரு கல்லூரி இருப்பதையே அறியார். அதன் வரலாற்றிலோ கத்தோலிக்கராகிய நாமும் நின்று சிந்திக்கத் தக்க செய்தி ஒன்று இருக்கின்றது.

ரயிலேறிச் சென்ற கல்வி

நெல்லைச் சீமையில் உயர்கல்விக்குப் பஞ்சம் இருந்ததில்லை. தென்னகத்தின் ஆக்ஸ்போர்டு என்று பாளையங்கோட்டையை அழைப்பது நம் வழக்கம். நெல்லையில் இந்துக் கல்லூரியும் பாளையங்கோட்டையில் தூய யோவான் கல்லூரியும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வேரூன்றிவிட்டன. இயேசு சபையினரின் தூய சவேரியார் கல்லூரி 1923-இல் எழுந்தது. பெண்களுக்கென 1895-இலேயே சாராள் தக்கர் கல்லூரி தோன்றியது. 1948-இல் ரோச் ஆண்டகையின் முயற்சியால் தூத்துக்குடியில் தூய மரியன்னை கல்லூரி உருவானது. கல்விப் பணியில் கிறிஸ்தவர்கள் முன்னோடிகள் என்று நாம் பெருமை கொள்வதற்கு இவையெல்லாம் சான்றுகள்.

ஆனால் மேற்கு மலையடிவாரத்து மக்களுக்கு அக்கல்வி எட்டத்தில் இருந்தது. நெல்லையிலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் செல்லும் ரயில்பாதை 1904-இல் முழுமை பெற்றது. அதன்பின் வசதி படைத்த இல்லங்களின் ஆண்மக்கள் ரயிலேறிச் சென்று பட்டம் பெற்றனர். மகளை அவ்வாறு அனுப்பத் துணிந்தோர் மிகச் சிலரே. விடுதிச் செலவு ஒரு தடை. ஊர்ப்பேச்சு அதனினும் பெரிய தடை. 1961-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தமிழகப் பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே எழுத்தறிந்தவராக இருந்தார் என்பதை எண்ணினால், பள்ளியிறுதி வரை வந்த பெண்ணே ஊருக்கு அதிசயமாய்த் தோன்றியிருப்பாள் என்பது விளங்கும். அவளுக்குத் தேவைப்பட்டது, காலையில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பக்கூடிய தொலைவில் ஒரு கல்லூரி.

கோயில் தந்த கொடை

அத்தேவையை நிறைவு செய்தது ஒரு கோயில் என்பதே இவ்வரலாற்றின் சிறப்பு. கோயில்களின் உபரி வருவாயைக் கல்வி போன்ற அறப்பணிகளுக்குச் செலவிட 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம் வழிவகுத்தது. பழனியிலும் பூம்புகாரிலும் கல்லூரிகள் அவ்வழியே உருவாயின. குற்றாலத்தில் திருக்குற்றாலநாத சுவாமி கோயிலின் தேவஸ்தானம் இப்பொறுப்பை ஏற்றது. அக்கோயிலில் வழிபடப்பெறும் பராசக்தியின் திருப்பெயரையே கல்லூரியும் தாங்கியது. உண்டியலில் விழுந்த காசும் கோயில் நிலத்தில் விளைந்த நெல்லும் பெண்களின் படிப்பாக மாறின என்று சொன்னால் அது மிகையாகாது.

கல்விக்கு ஏற்ற மண்ணும் அங்கே முன்னரே பண்பட்டிருந்தது. ஆடவல்லானின் ஐந்து சபைகளுள் ஒன்றான சித்திரசபை அவ்வூரின் ஓவியக்கூடம். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் அருகிலுள்ள மேலகரத்தைச் சேர்ந்தவர். இருபதாம் நூற்றாண்டில் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் குற்றாலத்தில் குடியமர்ந்து, நாடி வந்தோர்க்கெல்லாம் தமிழ்ச் சுவையை விருந்தாகப் படைத்தார். இராஜாஜியும் கல்கியும் அவ்விருந்தில் கலந்துகொண்டவர்கள். சுவரும் தேர்வும் இல்லாத கலைக்கல்லூரி என்றே அந்த இல்லத்தைச் சொல்லலாம். அறநிலைய வாரியத்தின் ஆணையராகவும் பணிபுரிந்த அவர், 1954-இல் மறைந்தார். அதற்குப் பத்தாண்டுகள் கழித்து அதே ஊரில், அதே அறநிலையத்தின் வழியாக, பெண்களுக்கு ஒரு கல்லூரி அமைந்தது பொருத்தமே.

மூன்றாண்டு உறவு

அந்நாளில் பள்ளியிறுதித் தேர்வில் வென்றவர்கள் கல்லூரியிலேயே ஓராண்டு புகுமுக வகுப்பில் பயின்று, பின்னர் மூன்றாண்டுப் பட்டப் படிப்பில் சேர்வர். பதினாறு வயதுச் சிறுமி தாவணி உடுத்திக் கல்லூரிக்குள் நுழைந்து, இருபது வயதில் சேலை உடுத்திய பட்டதாரியாய் வெளிவருவாள். 1978-இல் மேல்நிலைக் கல்வி பள்ளிகளில் தொடங்கியபின் புகுமுக வகுப்பு மறைந்தது. சென்னைப் பல்கலைக்கழகம், 1966-இல் பிறந்த மதுரைப் பல்கலைக்கழகம், 1990-இல் பிறந்த மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் எனத் தென்பகுதிக் கல்லூரிகளின் தாய்வீடு ஒன்றன்பின் ஒன்றாக மாறி, மெல்ல மெல்ல அருகில் வந்தது. கல்லூரியின் முதல் கல்வியாண்டிலேயே, 1965 ஜனவரியில், மொழிப் போராட்டம் தமிழகத்து மாணவ உலகைக் குலுக்கியது. கல்லூரிகள் பல வாரங்கள் மூடிக் கிடந்தன.

எனினும் மாணவ வாழ்வின் உட்பொருள் இத்தகைய பெருநிகழ்ச்சிகளில் மட்டும் அடங்குவதன்று. ஜூன் மாதத்தில் கல்லூரி திறக்கும்போதே தென்மேற்குப் பருவக்காற்றும் சாரலைக் கொண்டுவந்துவிடும். அருவிக்கு வருவோர் நிறைந்த பேருந்தில் புத்தகங்களை நெஞ்சோடு அணைத்தபடி மாணவியர் நின்று பயணம் செய்வர். தென்காசி, செங்கோட்டை, இலஞ்சி, கடையநல்லூர், பாவூர்சத்திரம் என ஊர்கள் பல, இல்லங்களும் பலவகை. ஒருத்தி வயலுக்குரியவரின் மகள். ஒருத்தி நெசவாளர் மகள். மற்றொருத்தியின் தாய் பீடித் தட்டை மடியில் வைத்து, இலை வெட்டிச் சுற்றிய கூலியில் கட்டணத்தைச் சேர்த்தவள். ஊரில் இவர்கள் ஒரே தெருவில் குடியிருக்கவும் இயலாது. ஒரே பந்தியில் அமர்ந்திருக்கவும் மாட்டார்கள். கல்லூரியிலோ ஒரே பலகையில் அமர்ந்தார்கள். நண்பகலில் ஒருவர் சோற்றை மற்றவரோடு பகிர்ந்துகொண்டார்கள். பெருங்கல்லூரியில் அவரவர் கூட்டம் அவரவர்க்கு அமைந்துவிடும். சிறிய கல்லூரியில் அப்படி ஒதுங்கி வாழ இடமில்லை. சிறுமையே அங்கு வரமாகின்றது.

2019-இல் புனிதராக உயர்த்தப்பெற்ற கர்தினால் நியூமன், 1852-இல் டப்ளின் நகரில் பல்கலைக்கழகக் கல்வி பற்றி உரையாற்றியபோது ஒரு கருத்தை வலியுறுத்தினார். தேர்வு நடத்திப் பட்டம் மட்டும் வழங்கும் நிறுவனத்தைவிட, இளைஞரை வெறுமனே ஒன்றுகூட்டிச் சில ஆண்டுகள் சேர்ந்து வாழச் செய்யும் நிறுவனமே அறிவை விரிவாக்குவதில் மேம்பட்டது என்பது அவர் துணிபு. மாறுபட்ட மனிதர் கலந்து பழகும்போது ஒருவர்க்கொருவர் ஆசிரியராகின்றனர் என்று அவர் கண்டார். அவர் மனத்தில் இருந்தவர்கள் ஆண்மாணாக்கர்கள். எனினும் அவ்வுண்மையைத் தென்காசிப் பேருந்தில் நின்று சென்ற பெண்கள் தம் வாழ்வால் மெய்ப்பித்தார்கள்.

ஒரே நாளில் இரு ஏடுகள்

கல்லூரி தோன்றிய அடுத்த ஆண்டு, 1965 அக்டோபர் 28-ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ஏடுகளுள் இரண்டு இங்கு நினைவுகூரத் தக்கவை. ஒன்று கிறிஸ்தவக் கல்வி பற்றியது. மற்றொன்று பிற சமயங்களோடு திருச்சபைக்குள்ள உறவு பற்றியது. கல்வி மனிதர் அனைவருக்கும் உரியது என்றது முன்னது. பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாய் உள்ள எதனையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்றது பின்னது. இவ்விரு படிப்பினைகளும் குற்றாலத்தில் ஒன்றோடொன்று கைகோத்து நிற்கின்றன. நம் கல்லூரிகளில் இந்து, இஸ்லாமியப் பெண்கள் பயில்வதை நாம் நம் தாராள மனத்தின் அடையாளமாகப் பேசுகின்றோம். கோயில் நிதியில் எழுந்த கல்லூரியில் நம் பங்கு மக்களின் பெண்களும் பயின்று, ஆசிரியைகளாகவும் அலுவலர்களாகவும் உயர்ந்திருக்கின்றனர். அதை நாம் எத்தனை முறை நன்றியோடு பேசியிருக்கின்றோம்? கொடுப்பவராக இருந்தே பழகியவர்க்குப் பெற்றுக்கொள்வதும் ஒரு புண்ணியம் என்பது எளிதில் விளங்குவதில்லை.

காப்பவர் யார்?

இன்று நிலைமை மாறிவிட்டது. 2019-இல் தென்காசி தனி மாவட்டமாயிற்று. கல்லூரிகள் பெருகிவிட்டன, பேருந்துகளும் பெருகிவிட்டன. ஆனால் பெண்ணுக்குப் படிப்புத் தேடும் பெற்றோர் எழுப்பும் கேள்வி குறுகிவிட்டது. இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்பதே முதற்கேள்வி. பலருக்கு அதுவே இறுதிக் கேள்வியும் ஆகும். வறுமையறிந்த பெற்றோர் அவ்வாறு கேட்பதில் தவறில்லை. ஆயினும் தமிழையும் வரலாற்றையும் கற்பவளை வேறிடம் கிடைக்காதவள் என்று எண்ணும் மனப்போக்கு நம் இல்லங்களிலும் புகுந்துவிட்டது. தாய்வீட்டிற்கும் புகுந்த வீட்டிற்கும் இடையே, தான் யார் என்று ஒரு பெண் தானே கண்டுகொள்ளக் கிடைக்கும் மூன்றாண்டுகள் அவை. அவற்றைச் சம்பளத்தால் மட்டும் அளந்துவிட இயலாது.

தென்காசிக் கோயிலை எடுப்பித்த பராக்கிரம பாண்டியன், பதினைந்தாம் நூற்றாண்டில் அங்கே ஒரு செய்தியைக் கல்லில் பொறித்து வைத்தான். பிற்காலத்தில் இக்கோயிலுக்குக் குறை நேர்ந்தால் அதைச் செப்பனிடுவோர் யாராயினும் அவர்தம் அடிகளில் தான் பணிவதாக அம்மன்னன் கூறியிருக்கின்றான். சிதைந்து கிடந்த இராசகோபுரம் நம் காலத்தில், 1990-இல், மீண்டும் எழுந்து நின்றது. கட்டியவனைவிடக் காப்பவர் பெரியர் என்று ஓர் அரசனே ஒப்புக்கொண்ட ஊர் இது. கல்லூரிகளுக்கும் அது பொருந்தும். அடிக்கல் நாட்டியவர்களின் பெயர் கல்வெட்டில் இருக்கும்; காப்பவர்களோ ஆண்டுதோறும் நம்பிக்கையோடு தம் மகளை அனுப்பிவைக்கும் பெற்றோர். வரும் ஜூன் மாதத்தில் நம் பங்குகளில் எத்தனை இல்லங்கள் பெண்ணிடம் என்ன வேலைக்குப் போவாய் என்று கேட்குமுன், என்ன கற்க விரும்புகிறாய் என்று கேட்கும்? அக்கேள்வி எழும் இல்லத்தில் கல்வி ஏற்கெனவே தொடங்கிவிட்டது.