கிரேலிங் ஊரில் கிரேலிங் இல்லை

ஊர்ப்பெயர்களைக் கொண்டு வரலாறு கற்பிப்பது எனக்கு மிக விருப்பமான பணி. கோலாலம்பூர் என்றால் சேறு கலந்த ஆற்றுக்கூடல் என்று பொருள் எனக் கூறியதும், "இன்னும் அங்கே சேறு இருக்கிறதா, ஐயா?" என்று ஒரு மாணவராவது கேட்டுவிடுவார். நல்ல கேள்விதான். பெயர் நிலைத்திருக்க, பெயருக்குரிய பொருள் மறைந்துபோன ஊர்கள் உலகெங்கும் உண்டு. அவற்றுள் என் மனத்தை மிகவும் பாதித்த ஓர் ஊரைப் பற்றி இன்று எழுதுகிறேன். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள அவ்வூரின் பெயர் கிரேலிங். அஃது ஒரு மீனின் பெயர்.

நமக்கு வசந்தம் என்று ஒரு தனிப்பருவம் இல்லை. மழையும் வெயிலுமே நாம் அறிந்தவை. ஆனால், வட மிச்சிகனில் பனி உருகி ஆறுகள் பெருக்கெடுக்கும் மார்ச்சு, ஏப்ரல் மாதங்களே தூண்டில்காரர்களின் திருவிழாக்காலம். மார்ச்சு முதலே மானிஸ்டி, பேர் மார்க்கெட் ஆறுகளில் 'ஸ்டீல்ஹெட்' என்னும் பெரிய மீன்கள் மிச்சிகன் ஏரியிலிருந்து எதிர்நீச்சலிட்டு முட்டையிட ஏறி வரும். ஏப்ரல் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை பெரும்பாலான டிரவுட் ஓடைகள் சட்டப்படி திறக்கப்படும். அன்று விடியுமுன்பே கிரேலிங் ஊரை ஒட்டி ஓடும் ஓசாபிள் ஆற்றில் இடுப்பளவு நீரில் மனிதர்கள் நிற்பார்கள். மணற்பாங்கான நிலத்தடியிலிருந்து ஊறிவரும் ஊற்றுநீரே அந்த ஆற்றுக்கு ஆதாரம். ஆகையால் கோடையிலும் தண்ணீர் குளிர்ந்தே இருக்கும். வெள்ளமும் வறட்சியும் பிற ஆறுகளைப் போல அதைப் பெரிதாக அலைக்கழிப்பதில்லை. ஏப்ரல் இறுதியில், பிற்பகல் வேளையில், 'ஹென்ரிக்சன்' எனப்படும் சிறு நீர்ப்பூச்சிகள் ஆற்றின் மேற்பரப்பில் சிறகு விரிக்கும். அவற்றைக் கவ்வ மீன்கள் மேலே வரும். அப்பூச்சியைப் போலவே இறகாலும் நூலாலும் கட்டிய பொய்யிரையைத் தூண்டில்காரர்கள் வீசுவார்கள்.

பிடிபடும் மீன்கள் யாவை? பழுப்பு டிரவுட், வானவில் டிரவுட், புரூக் டிரவுட். இவற்றுள் எதுவுமே அந்த ஆற்றின் ஆதிக்குடி அன்று. அந்நீருக்கு உரியதாய் இருந்த மீன் கிரேலிங் மட்டுமே. அது மட்டுமே இப்போது அங்கே இல்லை.

கிரேலிங், சால்மன் குடும்பத்தைச் சேர்ந்த நன்னீர் மீன். பாய்மரம்போல உயர்ந்து விரியும் முதுகுத்துடுப்பும் அதில் ஊதாவும் சிவப்புமான புள்ளிகளும் அதன் அடையாளம். தைம் என்னும் நறுமணச் செடியின் வாசம் வீசுவதாகக் கருதி, அதன் அறிவியற்பெயரிலேயே 'தைமாலஸ்' என்று சேர்த்துள்ளனர். அலாஸ்கா, கனடா போன்ற குளிர்நிலங்களில் இம்மீன் இன்றும் மிகுதியாக உண்டு. அவற்றுக்கு வெகு தெற்கே, மிச்சிகனில், தனித்து வாழ்ந்த கூட்டம் இது. 1870களில் இருப்புப்பாதை வந்து சேர்ந்ததும், கிழக்குப் பெருநகரங்களின் செல்வர்கள் இம்மீனைத் தேடித் தொடர்வண்டியில் வந்தனர். முதலில் கிராஃபர்டு என்று அழைக்கப்பட்ட ஊர், மீனின் புகழால் கிரேலிங் ஆயிற்று.

அதே இருப்புப்பாதைதான் மரம் வெட்டுவோரையும் கொண்டு வந்தது. மிச்சிகனின் வெண்பைன் மரங்கள் அந்நாளில் அமெரிக்காவின் வீடுகளையெல்லாம் கட்டிக்கொண்டிருந்தன. 1871இல் தீக்கிரையான சிகாகோ நகரம் மீண்டும் எழுந்ததிலும் அம்மரங்களுக்குப் பங்குண்டு. குளிர்காலத்தில் மரங்களை வெட்டுவார்கள். பனி உறைந்த பாதையில் சறுக்குவண்டிகளில் ஏற்றி ஆற்றங்கரையில் மலைபோலக் குவிப்பார்கள். ஒவ்வொரு கட்டையின் முனையிலும் உரிமையாளரின் முத்திரையைச் சுத்தியலால் பதிப்பார்கள். பனி உருகி வெள்ளம் புரளும் வசந்தத்தில் எல்லாவற்றையும் ஆற்றில் தள்ளிவிடுவார்கள். ஓசாபிள் வழியே ஹியூரன் ஏரிக்கும், மானிஸ்டி வழியே மிச்சிகன் ஏரிக்கும் அவை உருண்டோடி, முகத்துவாரத்து மரவாடிகளைச் சென்றடையும். வழியில் தடையாக விழுந்துகிடந்த மரங்களை முன்கூட்டியே அகற்றிவிடுவர். வளைவுகளில் கட்டைகள் மோதிக் கரைகள் சரியும்.

இங்கேதான் கொடுமை நிகழ்ந்தது. கிரேலிங் முட்டையிடுவதும் அதே வசந்தத்தில்தான். டிரவுட் மீன் சரளையில் குழி தோண்டி முட்டைகளை மூடி வைக்கும். கிரேலிங்குக்கு அந்த வழக்கம் இல்லை. சரளைக் கற்களின்மீது முட்டைகளைத் தூவிவிட்டுப் போய்விடும். அவற்றின்மீது ஆண்டுதோறும் ஆயிரமாயிரம் கட்டைகள் உரசிச் சென்றன. சரிந்த கரையின் மணல் வந்து படிந்தது. நிழல் தந்த காடு போனபின் தண்ணீரும் சூடேறியது. மீனைக் கொல்ல வேண்டும் என்று எந்த மரவணிகரும் எண்ணியிருக்க மாட்டார். அவருக்கு ஆறு என்பது செலவில்லாத ஒரு சாலை, அவ்வளவே.

தூண்டில்காரர்களைக் குற்றமற்றவர்கள் என்றும் சொல்வதற்கில்லை. கிரேலிங் சூதறியாத மீன். எந்த இரையையும் தயங்காமல் கவ்வும். ஒரே கயிற்றில் இரண்டு, மூன்று பொய்யிரைகளைக் கட்டி வீசினால் ஒரே வீச்சில் அத்தனையிலும் சிக்கும். உண்ண முடிந்ததைவிடப் பல மடங்கு பிடித்தார்கள். பனிக்கட்டியில் பொதிந்து நகரச் சந்தைகளுக்கும் அனுப்பினார்கள். மீன் குறைந்ததும் அதைக் காக்க எண்ணாமல், வேறு மீன்களைக் கொண்டுவந்து விட்டார்கள். கலிபோர்னியாவின் வானவில் டிரவுட் 1876இல் ஓசாபிள் ஆற்றுக்கு வந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த முட்டைகளில் பொரித்த 4,900 பழுப்பு டிரவுட் குஞ்சுகள் 1884 ஏப்ரலில் பேர் மார்க்கெட்டின் கிளையான பால்டுவின் ஆற்றில் விடப்பட்டன. அமெரிக்க ஆறொன்றில் பழுப்பு டிரவுட் விடப்பட்டது அதுவே முதன்முறை என்பர். வந்த மீன்கள் செழித்தன. இருந்த இடத்திற்கும் இரைக்கும் கிரேலிங்கோடு போட்டியிட்டன.

1914இல் கிரேலிங் ஊரில் ஒரு மீன்குஞ்சுப் பண்ணை தொடங்கினார்கள். காணாமற்போன கிரேலிங்கை மீட்பதே நோக்கம். அதை நிறுவியவர் ராஸ்மஸ் ஹான்சன் என்னும் மரவணிகர்! ஹென்றி ஃபோர்டும் தாமஸ் எடிசனும் அதற்குத் துணைநின்றவர்கள். இந்தச் செய்தியைப் படித்தபோது சிரிப்பதா வருந்துவதா என்று எனக்குத் தெரியவில்லை. பணமும் பெரும்பெயர்களும் இருந்தும் முயற்சி பலிக்கவில்லை. பண்ணை டிரவுட் வளர்ப்பிற்கே பயன்பட்டது. மிச்சிகனின் கடைசி கிரேலிங் 1936இல் மேல் தீபகற்பத்தின் ஓட்டர் ஆற்றுப் பகுதியில் காணப்பட்டதாகப் பதிவு உள்ளது.

ஏரிகளின் கதை தனி. 1829இல் திறக்கப்பட்ட வெல்லண்ட் கால்வாய், நயாகரா அருவி என்னும் இயற்கை அரணைச் சுற்றிக்கொண்டு கப்பல்களுக்கு வழிவிட்டது. கப்பலுக்கு விட்ட வழியில் கடல் லாம்ப்ரே என்னும் இரத்தம் உறிஞ்சும் உயிரியும் ஏறி வந்தது. அது 1936இல் மிச்சிகன் ஏரியில் தென்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் ஏரி டிரவுட் ஏறத்தாழ அழிந்தது. அதை உண்ணும் பெருமீன் இல்லாத நிலையில், கடலிலிருந்து வந்த ஏல்வைஃப் என்னும் சிறுமீன் பல்கிப் பெருகி, 1967இல் செத்துக் கரையெங்கும் நாறியது. அதைத் தின்பதற்கென்றே முந்தைய ஆண்டு வசந்தத்தில் பசிபிக் கரையின் கோஹோ சால்மனை ஹோவர்டு டேனர் என்ற அதிகாரி அறிமுகப்படுத்தியிருந்தார். இன்று அங்கு நடைபெறும் பெரும் தூண்டில் தொழில் அதிலிருந்து வளர்ந்ததே. மனிதன் செய்த பிழையை மனிதனே மற்றொரு புதுமையால் மூடியிருக்கிறான். பயன் விளைந்ததையும் மறுக்க இயலாது.

நாம் அவர்களை எளிதில் குறைசொல்லிவிட முடியாது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். விடுமுறையில் பிள்ளைகளோடு ஈயக்குட்டைகளுக்குத் தூண்டில் போடச் செல்லும் பெற்றோர் பலர். அங்குச் சிக்கும் திலாப்பியா நம் மண்ணின் மீன் என்றே பிள்ளைகள் எண்ணுகின்றனர். அஃது ஆப்பிரிக்க மீன். ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் ஜாவாவிலிருந்து மலாயாவிற்கு வந்தது. நம் மலையாறுகளுக்கு உரிய கெலா மீனை நேரில் கண்ட பிள்ளைகள் எத்தனை பேர்?

மீண்டும் ஓசாபிளுக்கு வருவோம். 1959இல் அந்த ஆற்றங்கரை வீடொன்றில் கூடிய தூண்டில்காரர்கள், 'டிரவுட் அன்லிமிட்டெட்' என்னும் இயக்கத்தைத் தொடங்கினார்கள். பண்ணை மீன்களை ஆற்றில் கொட்டுவதைவிட ஆற்றையே காப்பது மேல் என்பது அவர்கள் வாதம். கிரேலிங் காலத்தில் எவரும் எழுப்பாத வாதம் அது. பின்னர், 1987 முதல் 1991 வரை மிச்சிகன் அரசு பண்ணைகளில் வளர்த்த கிரேலிங் குஞ்சுகளை விட்டுப் பார்த்தது. அவை நிலைக்கவில்லை.

2016இல் அரசும் லிட்டில் ரிவர் ஒட்டாவா பழங்குடியினரும் இணைந்து புதிய முயற்சியைத் தொடங்கினர். மரவணிகர் வருமுன் அம்மீனோடு வாழ்ந்தவர்கள் அப்பழங்குடியினரே. இம்முறை குஞ்சுகளை விடவில்லை. அலாஸ்கா மீன்களின் வழிவந்த முட்டைகளை, ஆற்றுநீரே பாய்ந்து செல்லும் கலன்களில் வைத்து அங்கேயே பொரிக்கச் செய்கிறார்கள். பிறந்த நீரைக் குஞ்சு மறவாது என்பது நம்பிக்கை. 2025 மே மாதத்தில் மூன்று பழங்குடி அமைப்புகள் மானிஸ்டி, போர்ட்மன், மேப்பிள் ஆகிய ஆறுகளின் நீர்ப்பரப்புகளில் முட்டைகளை வைத்தன. அதே வசந்தம், அதே பனிவெள்ளம்; உருண்டுவரக் கட்டைகள்தாம் இல்லை.

அக்குஞ்சுகள் வளர்ந்து முட்டையிடச் சில ஆண்டுகள் ஆகும். மிச்சிகன் வரைபடத்தில் அம்மூன்று ஆறுகளையும் பென்சிலால் வட்டமிட்டு என் வகுப்பறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.