பிராலேன் என்று ஒரு சொல்

பள்ளியில் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் கரும்பலகையில் 'கோசினுஸ் ஃபி' என்று எழுதினார். பின்னாளில் மின் கட்டணக் கோப்பில் 'பவர் ஃபேக்டர்' என்று பார்த்தது அதைத்தான்.

மோட்டார் தன் காந்தப் புலத்துக்காக ஒரு மின்னோட்டத்தை இழுத்து, திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அது வேலை செய்யாது, கம்பியை மட்டும் சூடாக்கும். இந்தக் கணக்கை ஒழுங்குபடுத்தியவர்களில் ஒருவர் பிரெஞ்சுப் பொறியாளர் போல் பூஷ்ரோ. பக்கத்திலேயே கெபாசிட்டர் வைத்தால் அந்த ஓட்டத்தை அது கொடுத்துவிடும். பவர் ஃபேக்டர் 0.7-லிருந்து 0.95 ஆனால் கம்பியில் வீணாவது ஏறக்குறைய பாதியாகிவிடும்.

ஆனால் மிச்சம் பிடிக்க வந்த கெபாசிட்டரும் கொஞ்சம் தின்னும். எண்ணெயில் ஊறிய காகிதம் வைத்த பழைய வகையில் ஒரு கேவிஏஆருக்குச் சுமார் 3 வாட் வெப்பமாகப் போனது. 100 கேவிஏஆர் இரவு பகலாக இணைப்பில் இருந்தால் நாளுக்கு 7 யூனிட். பிறகு பாலிபுரோப்பிலின் படலம் வந்தது; இழப்பு அரை வாட்டுக்கும் கீழே இறங்கியது.

1984-ல் நான் வேலை பார்த்த இடத்திலும் இதே காரணத்தைக் கோப்பில் எழுதிப் பழையதை மாற்றினார்கள். கழற்றிய டப்பாக்களைக் காயலான் கடைக்கு ஏலம் விடும் குறிப்பை எழுதியது நான். டப்பாவில் பிரெஞ்சில் 'பிராலேன்' என்றிருந்தது. அலுவலகத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஏதோ எண்ணெயின் பெயர் என்று விட்டுவிட்டேன்.

காவலாளி கேட்டார்: "சார், டப்பாவுல ஒழுகுற எண்ணெய கொஞ்சம் எடுத்துக்கட்டுமா? முட்டி வலிக்குத் தேய்ச்சா நல்லதுன்றாங்க."

"எடுத்துக்குங்க அண்ணே, யாருக்கு வேணும் அது" என்றேன்.

பிராலேன் என்பது பி.சி.பி. எண்ணெயின் பிரெஞ்சு வணிகப் பெயர். தீப்பிடிக்காது என்பதால் 1930-களிலிருந்து கெபாசிட்டர்களில் நிரப்பினார்கள். 1968-ல் ஜப்பானில் அது தவிட்டு எண்ணெயில் கலந்து, சாப்பிட்டவர்கள் நோயில் விழுந்தார்கள். அமெரிக்கா 1979-ல் அதன் உற்பத்தியைத் தடை செய்தது. தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். கொழுப்பில் தங்கி எளிதில் வெளியேறாது. நான் குறிப்பு எழுதியபோது இத்தனையும் உலகுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் கோப்பில் வாட் கணக்கு மட்டும் இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில் அந்தச் சொல்லை மறுபடி கண்டபோதுதான் விஷயம் புரிந்தது. அதற்குள் அண்ணன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. மனசு கேட்கவில்லை.

உங்கள் ஊர்ப் பழைய ஆலையிலோ கிடங்கிலோ அப்படி ஒழுகும் டப்பா இருந்தால் தொடாதீர்கள், எண்ணெயை எடுக்காதீர்கள், கடைக்கும் போடாதீர்கள். மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.