கிட்டாரின் ஃப்ரெட்டும் மெருகும்

ஐரோப்பாவில் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் வாசிக்கப்பட்ட கிட்டாரின் கழுத்தில், சுரங்களைப் பிரிக்கும் குறுக்குத் தடையான ஃப்ரெட், உலோகத்தில் கிடையாது. ஆட்டுக்குடலைத் திரித்த நரம்பைக் கழுத்தைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டால் அதுவே ஃப்ரெட். சுருதி பிசகினால் வாசிப்பவரே விரலால் கட்டைச் சற்று நகர்த்திக்கொள்வார். தேய்ந்து போனால் அறுத்தெறிந்துவிட்டு வேறு கட்டுவார். செய்தவர் விட்ட பிழை வாசிப்பவர் கையிலேயே சரியாகிவிடும்.

கட்டுகளை எங்கே போடுவது என்பதற்கு எளிய கணக்கு ஒன்று இருந்தது. விஞ்ஞானி கலிலியோவின் தந்தையும் லூட் வாத்தியக் கலைஞருமான வின்சென்ஸோ கலிலி 1581இல் வெளியிட்ட நூலில் 18:17 என்ற விகிதத்தைப் பரிந்துரைத்தார். தந்தியின் நீளத்தில் 18இல் ஒரு பங்கை அளந்து முதல் ஃப்ரெட். எஞ்சியதில் 18இல் ஒரு பங்கில் அடுத்தது. தந்தி நீளம் 650 மில்லிமீட்டர் என்றால், நட்டநடுவே விழ வேண்டிய 12ஆவது ஃப்ரெட் இந்தக் கணக்கில் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் தலைப்பக்கம் தள்ளி விழும். ஆனாலும் காது பெரிதாக உறுத்தவில்லை. விரல் அழுத்தும்போது தந்தி இழுபட்டுச் சுருதி கொஞ்சம் ஏறும். கணக்கின் குறையை அந்த ஏற்றம் ஓரளவு ஈடுகட்டியது. இன்றைய தச்சர்கள் 18க்குப் பதிலாக 17.817 என்ற எண்ணால் வகுக்கிறார்கள்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நரம்புக்கட்டு மறைந்து, பித்தளையும் தந்தமும் கழுத்திலேயே பதிக்கப்பட்டன. வசதி கூடியது, நகர்த்தித் திருத்தும் வழி அடைபட்டது. 19ஆம் நூற்றாண்டில் பரவலாக இருந்தது பட்டை ஃப்ரெட். செவ்வகமான உலோகத் துண்டைப் பள்ளத்தில் இறுக்கி அடிப்பார்கள். ஒவ்வொன்றும் சிறு ஆப்பு மாதிரி மரத்தை நெருக்குவதால், கழுத்து எந்தப் பக்கம் வளையும் என்பதையே பட்டையின் பருமன் தீர்மானித்தது. தேர்ந்த தச்சர்கள் பருமனை மாற்றி மாற்றி அடித்துக் கழுத்தை நேராக்கினார்கள். இன்றும் சிக்கலின் வேர் இதுதான். பள்ளத்தின் அகலம் அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அது ஒரு மயிரிழை குறுகினால் கழுத்து பின்னால் வளையும். அகன்றால் ஃப்ரெட்டின் முனை எழும்பித் தந்தியில் உரசி இரையும்.

1923இல் கிப்சன் நிறுவனத்தின் தேடியஸ் மக்ஹியூ கழுத்துக்குள் வைக்கும் இரும்புக் கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். திருகினால் கழுத்து நிமிரும். அமெரிக்காவின் நாசரேத் ஊரில் இயங்கும் மார்ட்டின் நிறுவனம் 1934இல் பட்டையைக் கைவிட்டு ‘டி’ வடிவ ஃப்ரெட்டுக்கு மாறியது. ஜெர்மன் சில்வரில் செய்த இந்தக் கம்பியின் அடிக்காலில் சிறு முட்கள் உண்டு, மரத்தைக் கவ்விக்கொள்ளும். கலிபோர்னியாவின் ஃபெண்டர் ஆலையிலோ வேறு வழக்கம்: ஃப்ரெட்டை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில் செலுத்தினார்கள். அப்படிச் செய்த கழுத்தில் ஃப்ரெட்டை நேராகப் பிடுங்கினால் மரமும் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து வரும்; வந்த வழியே பக்கவாட்டில்தான் தட்டி எடுக்க வேண்டும்.

மெருகின் கதையும் இதே போக்கில்தான் போகிறது: வசதி கூடக் கூடத் திருத்தும் வழி அடைபட்டது. 19ஆம் நூற்றாண்டில் கிட்டாருக்கு உயர்ந்த மெருகு பிரெஞ்சு பாலிஷ். அதன் மூலப்பொருளான அவலரக்கு பெரும்பாலும் இந்தியக் காடுகளின் அரக்குப் பூச்சியிலிருந்து போனது. அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப்பொதியில் தோய்த்து, நுரைக்கல் தூளால் மரத்தின் நுண்துளைகளை அடைத்து, ஒரு சொட்டு ஆலிவ் எண்ணெய் விட்டு நாள்கணக்கில் தேய்ப்பார்கள். படலம் மெல்லியது, பலகையின் அதிர்வைக் கெடுக்காது. சூடும் வியர்வையும் பட்டால் கெடும், ஈரக்காற்றில் வெளுக்கும். ஆனால் புதுப் பூச்சு பழையதைக் கரைத்து ஒட்டிக்கொள்வதால் எந்தக் கீறலையும் திருத்திவிடலாம்.

1923இல் டுபாண்ட் நிறுவனம் கார்களுக்காக ‘டூகோ’ என்ற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரைக் கொண்டுவந்தது. வண்ணம் காயக் காத்திருந்த வாரங்கள் நாள்களாகச் சுருங்கின. கிட்டார் ஆலைகள் அந்தப் பத்தாண்டிலேயே லாக்கருக்குத் தாவின. ஃபெண்டர் பின்னாளில் கார் வண்ணங்களையே கிட்டாருக்கும் பூசியது. அதன் மேப்பிள் கழுத்து வியர்வையில் கறுக்கும் என்பதால், அடித்த ஃப்ரெட்டின் மேலேயே லாக்கரைத் தெளித்தார்கள். நாளானால் லாக்கர் மஞ்சளாகும், குளிரில் வெடிக்கும். 1960களின் இறுதியில் வந்த பாலியெஸ்டர் அந்தக் குறையைப் போக்கியது. ஆனால் அது உறுதியாக இறுகும், புதுப் பூச்சோடு கலக்காது. கீறல் விழுந்தால் விழுந்ததுதான்.

ஆலைகள் இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, 1963இல் லண்டனை அடுத்த ஃபெல்தமில் பதினாறு வயது பிரையன் மேயும் மின்னணுப் பொறியாளரான அவரது தந்தை ஹரால்டும் வீட்டிலேயே ஒரு கிட்டார் செய்ய உட்கார்ந்தார்கள். பழைய கணப்படுப்பின் மேல்சட்டம் கழுத்தானது. பூச்சி அரித்த துளைகளைத் தீக்குச்சியால் அடைத்தார்கள். ஓக் மரத்து விரல்பலகையில் 24 ஃப்ரெட். அடையாளப் புள்ளிகள் முத்துச்சிப்பிப் பொத்தான்கள். மெருகுக்குக் கடையில் விற்ற ‘ரஸ்டின்ஸ் பிளாஸ்டிக் கோட்டிங்’. பின்னாளில் பிரையன் கிட்டார் வாசித்த ‘குயீன்’ ராக் குழுவின் இசைத்தட்டுகளில் ஒலித்தது இந்தக் கிட்டார்தான்.

வீட்டில் கிட்டார் செய்வோருக்கு 1966இல் இர்விங் ஸ்லோனின் கையேடு கிடைத்தது. பள்ளம் அறுத்த விரல்பலகையும் ஃப்ரெட் கம்பியும் கடைச்சரக்காயின. ஃப்ரெட் எங்கே விழ வேண்டும் என்ற பழைய கவலை அதோடு போனது. ஃப்ரெட்களின் உச்சியைச் சமமாக அராவுவது மட்டும் இன்னும் கைவேலைதான். மெருகு விஷயத்தில் இவர்களில் பலர் அவலரக்குக்கே திரும்பினார்கள். லாக்கர் தெளிக்க அழுத்தக் கருவியும் காற்றுப்போக்கியும் வேண்டும், அதன் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். அவலரக்குக்குப் பழந்துணியும் பொறுமையும் போதும்.