ஒரே கணினியில் ஆயிரம் ரவுட்டர்கள்

மறைமலைநகரிலிருந்து தாம்பரம் நோக்கி ஜி.எஸ்.டி. சாலையில் போனால், பொத்தேரியைத் தாண்டியதும் எஸ்டான்சியா வளாகம் வரும். ஜோஹோ நிறுவனம் இருப்பது அங்கேதான். இன்று ஜாவாஸ்கிரிப்ட் பழகும் மாணவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் ஒரு சிக்கலை, இந்த நிறுவனம் நோட்.ஜேஎஸ் பிறக்கும் முன்பே ஜாவா மொழியில் சந்தித்துவிட்டது!

1996-ல் ஸ்ரீதர் வேம்பு, டோனி தாமஸ் முதலியோர் தொடங்கிய இந்நிறுவனம், 2009 வரை அட்வென்ட்நெட் என்ற பெயரில் இயங்கியது. ரவுட்டர், சுவிட்ச் போன்ற கருவிகளைக் கண்காணிக்கும் மென்பொருள்தான் அதன் ஆரம்பத் தொழில். கருவிகளிடம் நலம் விசாரிக்கும் மொழி, 1988-ல் வந்த எஸ்.என்.எம்.பி. சரி, ஆயிரம் ரவுட்டர்களைக் கண்காணிக்கும் மென்பொருளைச் சோதிக்க ஆயிரம் ரவுட்டர் வாங்க முடியுமா? அதற்காக வந்ததுதான் அட்வென்ட்நெட் சிமுலேஷன் டூல்கிட். ஒரே கணினிக்குப் பல ஐ.பி. முகவரிகள் கொடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு போலி ரவுட்டரை உட்கார வைத்தார்கள்.

எது பொது, எது தனி என்பதில்தான் சூட்சுமம். கேள்விகளின் பட்டியல் எல்லோருக்கும் பொது. பதில்கள் அப்படியல்ல. திண்டிவனம் ரவுட்டரை அணைத்தால் வேலூர் ரவுட்டரும் படுத்துவிட்டது என்றால், அந்தச் சோதனையே பொய்.

2009 ஜனவரியில் கெவின் டேங்கூர், ஜாவாஸ்கிரிப்டை செர்வர் பக்கம் கொண்டுவர ஒரு முயற்சியைத் தொடங்கினார். அது பிறகு காமன்ஜேஎஸ் ஆனது. அதே ஆண்டு நவம்பரில் ரயன் டால் பெர்லினில் நோட்.ஜேஎஸ்ஸை அறிமுகம் செய்தார். நோட் ஒரு மாட்யூலை ஒரே முறைதான் ஓட்டும். மறுபடி கேட்டால் பழைய பொருளையே நீட்டும். வேகத்துக்கு நல்லதுதான். ஆனால் பணம் கட்டும் போலி செர்வர், எஸ்.எம்.எஸ். அனுப்பும் போலி செர்வர் இரண்டையும் ஒரே மாட்யூலிலிருந்து எடுத்து, வந்த கோரிக்கைகளின் பட்டியலை மாட்யூலின் தலையில் வைத்தால், இரண்டும் ஒரே பட்டியலில் எழுதும். பிழை கூட வராது, தவறான சோதனை பச்சை விளக்கு காட்டும். இதுதான் ஆபத்து.

வழி எளிது. மாட்யூல் தயாரான செர்வரைத் தராமல், செர்வரை உருவாக்கும் ஃபங்ஷனைத் தர வேண்டும். ஒவ்வொரு அழைப்புக்கும் தனிப் பட்டியல், தனி போர்ட். போர்ட் எண்ணை 0 என்று கொடுத்தால் காலியாக உள்ள ஒன்றை இயங்குதளமே ஒதுக்கிவிடும், 3000-க்கு அடிதடி கிடையாது. சிலர் மாட்யூல் நினைவகத்தை அழித்துச் சமாளிக்கிறார்கள். பழைய ரிக்வயர் முறையில் அது செல்லும். 2015-ல் தரமாக்கப்பட்ட இம்போர்ட் முறையில், அப்படி அழிப்பதற்கு நோட் கதவைத் திறந்து வைக்கவில்லை.