களவுபோன பொருளுக்குக் கணக்குச் சொல்பவர் யார்?



ஜொகூர் மாநிலத் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களுக்குச் சென்று வருவோர் ஒரு பேச்சைத் தவறாமல் கேட்டிருப்பர். மோட்டார் சைக்கிள் காணாமற் போயிற்று. கோவில் உண்டியல் உடைக்கப்பட்டது. பள்ளியின் தண்ணீர்ப் பம்பைக் கழற்றிச் சென்றுவிட்டனர். “போலீசில் புகார் கொடுத்தீர்களா?” என்று வினவினால், “கொடுத்து என்ன ஆகப் போகிறது?” என்பதே மறுமொழியாக வரும்.

இம்மறுமொழியைச் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்குப் பின்னால் நீண்ட வரலாறு ஒன்று உள்ளது. ஏழை எளியவர் வீட்டில் சிறு களவு நடந்தால் அதற்குப் பொறுப்பேற்றுக் கணக்குச் சொல்ல வேண்டியவர் யார்? இக்கேள்விக்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விடையைத் தந்துள்ளது. அவ்விடைகளை வரிசையாகப் பார்த்தால், இன்றைய நம் மனக்குறையின் வேர் எங்கே இருக்கிறது என்பது ஓரளவு விளங்கும்.

ஊர்க்காவலும் துப்புக்கூலியும்

நம் முன்னோர் கப்பலேறி வந்த தமிழ்நாட்டில், சீருடைக் காவலர் வருவதற்கு முன்பு ஊர்க்காவல் முறை இருந்தது. தலையாரியும் காவற்காரரும் ஊரைக் காத்தனர். விளைச்சலில் ஒரு பங்கு அவர்களுக்கு ஊதியமாக அளக்கப்பட்டது. மாடு களவுபோனால் காவற்காரர் அதனைத் துப்புத் துலக்கி மீட்க வேண்டும். மீட்க இயலாவிடில் இழப்பை ஈடு செய்ய வேண்டும். பொருளை மீட்டுத் தருவதற்குப் பெறும் கூலிக்குத் ‘துப்புக்கூலி’ என்று பெயர்.

இம்முறையைப் பொற்காலமாகப் புகழ்வதற்கில்லை. காவற்காரரே களவுக்கும் உடந்தையாகி, துப்புக்கூலியை மிரட்டிப் பெறும் பணமாக்கிய ஊர்களும் இருந்தன. ஆயினும் அதில் ஓர் அடிப்படை நெறி இருந்தது. காவலுக்குக் கூலி பெறுபவன், களவுக்கும் பொறுப்பாளி ஆவான். பொருளை இழந்தவன் நேரே அவன் முன் சென்று நின்று கேட்கலாம்.

பாளையக்காரர் போர்கள் முடிந்தபின், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாளையக்காரர்களிடமிருந்த காவல் உரிமையைக் கும்பினி அரசு பறித்துக்கொண்டது. 1859இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழி சென்னை மாகாணத்தில் புதிய போலீஸ் படை உருவாயிற்று. இப்படையின் காவலர் மேலதிகாரிக்கும் அரசுக்கும் பதில் சொன்னார். மாட்டை இழந்த உழவனுக்கு ஈடு செய்யும் கடமை அவருக்கு இல்லை.

தெமெங்கோங் ஆண்ட மண்

நம் முன்னோர் வந்திறங்கிய ஜொகூரின் கதையும் காவலிலிருந்தே தொடங்குகிறது. மலாக்கா சுல்தானகக் காலந்தொட்டு, தலைநகரின் பாதுகாப்பையும் சந்தையின் ஒழுங்கையும் கவனிக்கும் பெரும்பதவிக்குத் ‘தெமெங்கோங்’ என்று பெயர். 1819 பிப்ரவரி 6ஆம் நாள் சிங்கப்பூரில் இராபிள்சுடன் உடன்படிக்கை செய்தவர்களுள் ஒருவர் தெமெங்கோங் அப்துல் ரகுமான். அவர் மகன் தெமெங்கோங் இப்ராகிம் 1855இல் தஞ்சோங் புத்ரியை நிறுவினார். அவ்வூரே பின்னர் ஜொகூர் பாரு ஆயிற்று. அவருக்குப் பின் வந்த அபு பக்கார், 1885இல் சுல்தான் என்னும் பட்டத்தை ஏற்றார். இன்றைய ஜொகூர் அரச குடும்பம் இத்தெமெங்கோங் மரபில் வந்ததாகும்.

எனினும் 19ஆம் நூற்றாண்டின் ஜொகூரில் உட்காடுகளின் அன்றாட ஒழுங்கு அரசின் நேரடிப் பொறுப்பில் இருக்கவில்லை. மிளகும் காசுக்கட்டியும் பயிரிட வந்த சீனர்களுக்கு ஆற்றுப் பள்ளத்தாக்குகள் உரிமைக் கடிதத்தின்வழி ஒப்படைக்கப்பட்டன. அக்கடிதத்தைப் பெற்ற தலைவர் ‘காங்சூ’ எனப்பட்டார். வரி தண்டுதல், அபினி, மது, சூதாட்டம், அடகுக்கடை ஆகியவற்றின் உரிமையோடு, தம் ஆற்றங்கரையில் ஒழுங்கைக் காப்பதும் அவர் வேலையே. கங்கார் புலாய், கங்கார் தெப்ராவ் என்னும் ஊர்ப்பெயர்கள் அக்காலத்தின் எச்சங்கள். 1917இல்தான் இம்முறை ஒழிக்கப்பட்டது.

ஆக, தனியார் ஒருவர் நிலத்தை எடுத்து, அங்குள்ள ஆட்களின் சண்டை சச்சரவுகளையும் தாமே தீர்த்துக்கொள்வது இம்மண்ணுக்குப் புதிதன்று. பின்னர் வந்த இரப்பர்த் தோட்டங்களிலும் இதே வழக்கம் தொடர்ந்தது. ஆற்றுக்குப் பதில் தோட்டம். காங்சூவுக்குப் பதில் துரை.

லயத்தில் நடந்த நீதி

தோட்டத்து லயத்தில் ஒருவர் வீட்டுக் கோழியோ தகரப்பெட்டியோ களவுபோனால், அவர் முதலில் கங்காணியிடம் செல்வார். கங்காணி கிராணியிடம் சொல்வார். பெரிய விவகாரமாயின் துரையின் ஆபீசில் விசாரணை நடக்கும். காவல் நிலையம் பல கல் தொலைவில் இருக்கும். அங்கே பேசப்படும் மொழியும் வேறு. தோட்டத்துக்குள் சீருடைக்காரர் வருவதென்றால் பெரும்பாலும் அது வேறு காரியத்துக்காகவே இருந்தது.

அக்காரியம் யாதென்பதையும் வரலாறு சொல்கிறது. மலாயாவுக்கு இந்தியர்களைக் கொண்டுவந்த ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தது. அதுவரை, ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தைவிட்டு ஓடிப்போவது சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகும். அதாவது, தோட்டம் தன் கூலியாளை இழந்தால் சட்டமும் காவலும் துணைக்கு வந்தன. கூலியாள் தன் பெட்டியை இழந்தால் கங்காணியே கதி. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த நம்மவர்மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டு உயிர்கள் பலியானதும் நாம் அறிந்ததே. போலீஸ் என்றால் விலகி நிற்க வேண்டும் என்னும் எண்ணம் பாட்டன் காலத்திலிருந்து பேரன் காலத்துக்கு வந்தது இவ்வாறுதான்.

அவசரகாலமும் ‘சேவை’ இயக்கமும்

1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காவல் படை சில ஆண்டுகளிலேயே பன்மடங்கு பெருகியது. ஆனால் அப்பெருக்கம் கம்யூனிஸ்டு ஆயுதக் குழுக்களை எதிர்ப்பதற்காக ஏற்பட்டது. ஜொகூரின் மூவார்ப் பகுதியில் உள்ள புக்கிட் கெப்போங் காவல் நிலையம் 1950 பிப்ரவரி 23ஆம் நாள் விடியலில் தாக்கப்பட்டது. அங்கிருந்த காவலர்கள் சரணடைய மறுத்துப் போரிட்டு மடிந்தனர். அவர்தம் குடும்பத்தாரும் உயிரிழந்தனர். அத்தியாகத்தைத் தலைவணங்கி நினைக்க வேண்டும். அதே வேளையில், அத்தகைய காலத்தில் காவல் நிலையம் என்பது முள்வேலி சூழ்ந்த கோட்டையாகவே இருக்க முடியும் என்பதையும் உணர வேண்டும். காணாமற்போன சைக்கிளைச் சொல்ல அங்கே யார் போவார்?

இந்நிலையை மாற்ற முயன்றவர் ஒருவர் உண்டு. இலண்டன் நகரப் போலீசின் ஆணையராக இருந்த ஆர்தர் யங், 1952இல் மலாயாக் காவல் படையின் தலைவராக இங்கு வந்தார். அவ்வாண்டு டிசம்பரில் ‘சேவை இயக்கம்’ ஒன்றைத் தொடங்கினார். காவலர் பொதுமக்களிடம் பணிவோடு பேச வேண்டும். உதவி கேட்டு வருபவரை மதிக்க வேண்டும். படை என்னும் எண்ணத்தை விடுத்துச் சேவை என்னும் எண்ணத்தைக் கொள்ள வேண்டும் என்பதே அதன் நோக்கம். ‘சேவை செய்யத் தயார்’ என்று பொருள்படும் ‘பெர்செடியா பெர்க்கிட்மாட்’ என்னும் முழக்கம் அப்போது பிறந்தது. அவர் இங்கிருந்த காலம் குறுகியது. ஆயினும் காவல் நிலையம் சாதாரணக் குடிமகனுக்கும் பதில் சொல்ல வேண்டிய இடம் என்னும் கருத்து இந்நாட்டில் வெளிப்படையாகச் சொல்லப்பட்டது அப்போதுதான்.

விடுதலைக்குப் பின், 1975இல் ருக்குன் தெத்தாங்கா என்னும் அக்கம்பக்கக் காவல் திட்டம் வந்தது. ஆண்கள் முறைவைத்து இரவு ரோந்து சென்றனர். பழைய ஊர்க்காவலின் சாயல் இதில் தெரிகிறது. பின்னர் ரோந்து தன்விருப்பப் பணியாக மாறியது. 2012இல் இத்திட்டத்திற்கெனத் தனிச்சட்டமும் இயற்றப்பட்டது.

தோட்டம் விட்டு நகரம் வந்தபின்

1980களிலும் 1990களிலும் ஜொகூர்த் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. மாசாய், ஸ்கூடாய், கூலாய், பாசிர் கூடாங் எனப் பல ஊர்களின் மலிவுவிலை வீடுகளுக்கு நம்மவர் குடிபெயர்ந்தனர். கங்காணியும் இல்லை, கிராணியும் இல்லை. களவுபோனால் சொல்வதற்கு எஞ்சியிருந்த ஒரே இடம் காவல் நிலையம். அதுவோ நம்மவருக்குப் பழகாத இடம்.

அக்காலத்தில் குற்றங்களும் பெருகின. காவல் படையின் செயற்பாட்டை ஆராய 2004இல் முன்னாள் தலைமை நீதிபதி துன் முகமது சைடின் தலைமையில் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. 1997இல் 121,176ஆக இருந்த குற்ற வழக்குகள் 2003இல் 156,455ஆக உயர்ந்ததை அவ்வாணையம் சுட்டியது. 2005இல் வெளிவந்த அறிக்கை 125 பரிந்துரைகளை முன்வைத்தது. காவலர்மீதான புகார்களை விசாரிக்கச் சுதந்திரமான ஆணையம் வேண்டும் என்பது அவற்றுள் முக்கியமானது. அது நீண்ட இழுபறிக்குப் பின், வேறு வடிவத்தில், 2022ஆம் ஆண்டுச் சட்டமாகி 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. 2010இல் அரசு தெருக்குற்றங்களைக் குறைப்பதைத் தேசிய முதன்மை இலக்குகளில் ஒன்றாக்கிற்று. வழிப்பறியும் கொள்ளையும் கணக்கிடப்பட்டன. கணக்கிடப்பட்டவை கவனிக்கவும் பட்டன.

காவலர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஒரே விசாரணை அதிகாரியின் மேசையில் கொலையும் கொள்ளையும் காத்திருக்கையில் செப்புக் கம்பிக் களவு பின்னுக்குத் தள்ளப்படுவது இயல்பு. சாட்சியோ படப்பதிவோ இல்லாத களவைத் துலக்குவதும் எளிதன்று. உலகெங்கும் இதே குறை உண்டு. இராபர்ட் பீல் 1829இல் நவீன போலீசைத் தோற்றுவித்த இங்கிலாந்திலேயே, சிறு களவாயினும் தடயம் இருந்தால் அதைப் பின்தொடர்ந்தாக வேண்டும் என்று 2023இல் அரசும் காவல்துறைத் தலைவர்களும் உறுதி அளிக்க வேண்டி வந்தது.

எங்கள் பள்ளியின் பட்டறிவு

சில ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய பள்ளியில் ஆண்டிறுதி விடுமுறையின்போது தண்ணீர்ப் பம்பும் செப்புக் கம்பிகளும் களவுபோயின. தலைமையாசிரியர் உடனே புகார் செய்தார். இரண்டு நாள் கழித்து ஒருவர் வந்து பார்த்துச் சென்றார். பின்னர் எந்தச் செய்தியும் இல்லை. பள்ளி திறந்த முதல் வாரம் கழிவறைகளில் தண்ணீர் இல்லை. பெற்றோர்கள் வாளிகளில் நீர் சுமந்து வந்தனர். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், “சார், திருடனைப் பிடித்துவிட்டார்களா?” என்று வாரந்தோறும் கேட்டுக்கொண்டே இருந்தான். நன்னெறிப் பாடத்தில் காவலரை நம் நண்பர் என்று கற்பிக்கும் எங்களால் அவனுக்கு ஒரு விடை சொல்ல முடியவில்லை. பொருளை இழந்ததைவிட அதுவே எனக்குப் பெரிதும் வருத்தம் தந்தது.

இரண்டு மாதம் கழித்து, சங்கத் தலைவரின் யோசனைப்படி, தலைமையாசிரியர் சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு எழுத்துமூலம் விசாரணையின் நிலையைக் கேட்டார். பத்து நாளில் ஒரு பக்கக் கடிதம் வந்தது. சந்தேகத்திற்குரியவர் எவரும் அடையாளம் காணப்படவில்லை. புதிய தகவல் கிடைத்தால் விசாரணை தொடரும் என்று அதில் எழுதியிருந்தது. பம்பு திரும்பவில்லை. ஆயினும் அம்மாணவனுக்கு உண்மையான விடை ஒன்றைச் சொல்ல முடிந்தது. புதிய பம்புக்கான விண்ணப்பத்தோடு அக்கடிதத்தின் நகலையும் இணைத்தோம்.

பலர் அறியாத ஓர் உரிமை

நாங்கள் பயன்படுத்தியது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவு. 2006இல் திருத்தமாகச் சேர்க்கப்பட்டு 2007இல் நடைமுறைக்கு வந்த இப்பிரிவு, புகார் செய்தவருக்கு விசாரணையின் நிலையை அறியும் உரிமையைத் தருகிறது. அதன் சாரம் வருமாறு:

1. புகார் செய்து நான்கு வாரங்கள் கடந்திருக்க வேண்டும்.

2. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றமாக இருத்தல் வேண்டும். களவும், பூட்டை உடைத்துத் திருடுவதும் இதில் அடங்கும்.

3. புகார் செய்த காவல் நிலையத்தின் பொறுப்பதிகாரிக்கு, புகாரின் விவரங்களைக் குறிப்பிட்டு எழுத வேண்டும். கோரிக்கை கிடைத்த இரண்டு வாரங்களுக்குள் அவர் நிலை அறிக்கை தர வேண்டும். விசாரணையைப் பாதிக்கும் தகவலை அவர் தர வேண்டியதில்லை.

4. அறிக்கை வராவிட்டால் அரசு வழக்குரைஞருக்கு எழுதலாம். அவர் மாவட்டக் காவல் தலைவரிடம் விளக்கம் கேட்பார்.

ஊர்க்காவற்காரரிடம் நேரே சென்று “என் மாடு எங்கே?” என்று கேட்ட உரிமையின் ஒரு சிறு பகுதி, ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்குப் பின், இப்பிரிவின்வழி நமக்குத் திரும்பியுள்ளது எனலாம். இழப்பீடு கிடைக்காது. ஆனால் பதில் கிடைக்கும். புகாரே செய்யாதவருக்கு அப்பதிலும் கிடையாது. புகார் இல்லாத களவு எந்தக் கணக்கிலும் ஏறாது. கணக்கில் ஏறாத இடத்திற்கு ரோந்து வண்டியை அனுப்புமாறு கேட்பதற்கு நம்மிடம் ஆதாரமும் இருக்காது.

எனவே பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளியில் நடக்கும் ஒவ்வொரு களவுக்கும், அது எவ்வளவு சிறிதாயினும், புகார் எண்ணையும் நாளையும் குறித்துவைக்க ஒரு கோப்பைத் திறவுங்கள். நான்கு வாரம் கழித்து யார் கடிதம் எழுதுவது என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். மலாய் மொழியில் கடிதம் எழுதத் தயங்கும் பெற்றோர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். அவர்களுக்கு அக்கடிதத்தை எழுதித் தரும் பணியை ஆசிரியர்களாகிய நாம் ஏற்றுக்கொள்ளலாம்.