முடி இழந்தவன் முடி வழங்கிய கதை

'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்' 1978 பொங்கலுக்கு வெளிவந்தது. அகிலனின் 'கயல்விழி' நாவலைத் தழுவிய படம். இயக்கமும் எம்.ஜி.ஆரே. படம் வரும்போது அவர் முதலமைச்சராகி ஆறு மாதம் தாண்டியிருந்தது. 1977இல் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது நமக்கு அடுத்த அருப்புக்கோட்டைத் தொகுதி. டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்து படம் பார்த்த எங்கள் தலைமுறைக்கு, மதுரை மீண்டது நம் வீடு மீண்ட மாதிரி.

சரித்திரம் அந்தப் படத்தைவிட ஆழமானது. 1205ஐ ஒட்டி மூன்றாம் குலோத்துங்க சோழன் மதுரைக்குள் புகுந்தான். பாண்டியர் முடிசூடும் மண்டபத்தை இடித்தான். 'மதுரையும் பாண்டியன் முடித்தலையும் கொண்டருளிய' என்பது அவன் சூட்டிக்கொண்ட விருது. அரசன் குலசேகர பாண்டியன் தம்பியோடு காட்டுக்குள் ஒளிய நேர்ந்தது. அண்ணனுக்குப் பின் 1216இல் அரியணை ஏறிய மாறவர்மன் சுந்தரபாண்டியன் சும்மா இருக்கவில்லை. தஞ்சையும் உறையூரும் தீக்கிரையாயின. சோழ மண்ணைக் கழுதை பூட்டி உழுது கவடி விதைத்ததாக அவன் மெய்க்கீர்த்தியே பெருமை பேசுகிறது. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. பட்ட அவமானத்தை வட்டியோடு திருப்பிக் கொடுத்தான்.

இப்போது முடி இழந்து காடு புகுந்தவன் சோழன். ஒய்சளர் அவனுக்காகத் தலையிட்டதும் உண்மை. ஆனாலும், பொன்னமராவதியில் சோழனுக்கு நாட்டையும் முடியையும் திருப்பித் தந்த செயலைப் பாண்டியன் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டான்: 'சோணாடு வழங்கியருளிய சுந்தரபாண்டியன்'. கொண்டதை மட்டுமே சொல்லிக்கொள்ளும் அரசர் வரிசையில், கொடுத்ததை விருதாக்கிக்கொண்டவனை நான் உயர்வாகவே வைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. சோழ நாட்டை அழித்தபோது ஒரு பதினாறுகால் மண்டபத்தில் மட்டும் கைவைக்கவில்லை என்கிறது திருவெள்ளறைக் கல்வெட்டு. பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாருக்குக் கரிகாலன் அளித்த மண்டபம் அது. சோழனைப் பாடிய புலவர். ஆயிரம் ஆண்டுப் பழைய பரிசு. தீ அதை நெருங்கவில்லை. இந்தக் காட்சி அல்லவா படமாகியிருக்க வேண்டும்!

திருச்சிப் பக்கம் போகும் நம் ஊர்ப் பிள்ளைகள் திருவெள்ளறைக்கும் ஒரு நடை போய்வர வேண்டும். நம் மதுரையை மீட்டவனின் மனசு அங்கே கல்லில் எழுதியிருக்கிறது.